புல் வெட்டும் செலவும் போர்த் தயார்நிலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைகளின் வெடிபொருள் இருப்பு குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். போர் மூண்டால் நம் கையிருப்பு எத்தனை நாளுக்குத் தாங்கும் என்ற கேள்வியை எழுப்பிய கட்டுரையாளர், கிடங்குகளிலும் ஆலைகளிலும் கடைப்பிடிக்கப்படும் பாதுகாப்பு விதிகள் பழங்காலத்தவை என்றும், அவை நிலத்தையும் பணத்தையும் விழுங்குகின்றன என்றும், அந்தப் பணத்துக்குக் குண்டு வாங்கினால் படை வலுப்பெறும் என்றும் எழுதியிருந்தார். கையிருப்பு பற்றி அவர் எழுப்பிய கவலையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு அவர் சொன்ன மருந்துதான் சரியில்லை. ராணுவ வெடிபொருள் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த வாதம் நடைமுறைக்கு வந்த இடங்களில் என்ன நடந்தது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ராஜஸ்தான் மாநிலம் பரத்பூரில் உள்ள ராணுவ வெடிபொருள் கிடங்கில் 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று தீப்பிடித்தது. கோடையில் காய்ந்து நின்ற புல்லில் பரவிய தீ, அடுக்கி வைத்திருந்த பெட்டிகளுக்குத் தாவி, பீரங்கிக் குண்டுகளும் ஏவுகணைகளும் வெடித்துச் சிதறின. அழிந்த வெடிபொருளின் மதிப்பு ஏறத்தாழ 393 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். வளாகத்தில் இரண்டு ஆண்டுகளாகப் புல்லே வெட்டப்படவில்லை என்பதும், செலவைக் குறைப்பதற்காகவே அந்த வேலை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்பதும் பிறகு செய்திகளில் வெளிவந்தன. இது கார்கில் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். அந்தப் போரில் நமது பீரங்கிப் படை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் செலவழித்திருந்தது. வெளிநாடுகளிடம் அவசர விலை கொடுத்து வெடிபொருள் வாங்கிய சூட்டோடு, உள்நாட்டுக் கிடங்கில் இருந்ததைப் புல்லுக்குக் கூலி கொடுக்காமல் எரியவிட்டோம். விதைநெல்லுக்குக் கடன் வாங்கிவிட்டுக் குதிருக்கு மூடி போடக் காசில்லை என்று விட்ட கதை இது.

பாதுகாப்புச் செலவு என்றவுடன் வெளியிலிருப்பவர்கள் பெரிய இயந்திரங்களையும் விலை உயர்ந்த கருவிகளையும் கற்பனை செய்துகொள்கிறார்கள். நடைமுறையில் அதில் பெரும்பகுதி மிகச் சாதாரணமான வேலைகள். புல் வெட்டுவது, ஷெட்டைச் சுற்றி உழுது வெறும் மண் பட்டையாக வைத்திருப்பது, இடிதாங்கியின் நிலத்தொடர்பைக் குறித்த காலத்தில் அளந்து பதிவது, காலையும் மாலையும் உள்வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்து ஏட்டில் எழுதுவது, பெட்டியில் இருந்து சில உருப்படிகளை எடுத்துச் சோதிப்பது, தீயணைப்புத் தொட்டியில் நீர் இருக்கிறதா என்று பார்ப்பது. ஷெட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் தீப்பெட்டியையும் கைபேசியையும் வாயிலில் ஒப்படைத்துவிட்டு, வாசலில் பதித்த செப்புத் தகட்டைக் கையால் தொட்டு, உடலில் உள்ள மின்னேற்றத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாளெல்லாம் இதைச் செய்பவனுக்குச் சலிப்புத் தட்டும். பட்ஜெட்டில் கத்தரி வைப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவதும் இந்த வேலைகள்தான், ஏனென்றால் இவற்றில் எதையும் ஓராண்டு நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. இரண்டாவது ஆண்டும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

நிலத்தைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதற்கு வருகிறேன். கிடங்குகள் ஆயிரக்கணக்கான ஏக்கரை அடைத்துக்கொண்டு நிற்பது உண்மை. மகாராஷ்டிரத்தில் வார்தா மாவட்டத்தில் உள்ள புல்காவ் மத்திய வெடிபொருள் கிடங்கு மட்டும் ஏழாயிரம் ஏக்கர் அளவில் விரிந்தது. அவ்வளவு இடம் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்விதான். வெடிப்பின் அழுத்த அலை எவ்வளவு தூரம் ஆளைக் கொல்லும், வீட்டை இடிக்கும் என்பது வெடிபொருளின் எடையோடு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. எடையின் கன மூலத்தை ஒட்டியே கூடுகிறது. நேட்டோ நாடுகள் குடியிருப்புகளுக்கான தொலைவைக் கணக்கிட, கிலோகிராமில் எடுத்த எடையின் கன மூலத்தை 22.2 ஆல் பெருக்குகின்றன. எட்டு டன் வெடிபொருளுக்கு 444 மீட்டர் வரும். அதையே எட்டு மடங்காக்கி 64 டன் வைத்தால் தொலைவு 888 மீட்டர்தான் ஆகிறது, ஆனால் சுற்றிலும் விட வேண்டிய வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகி, 600 ஏக்கரைத் தாண்டிவிடுகிறது. கிடங்குகளுக்கு நிலம் போவது இப்படித்தான்.

இந்தக் கணக்கில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. ஒரு ஷெட்டில் வெடித்தது அடுத்த ஷெட்டைத் தொடாமல் நிறுத்த வேண்டுமானால், இரண்டுக்கும் நடுவே மண் அரண் எழுப்பலாம். அதைவிட மேலானது, கூரைக்கு மேலும் மண் மூடிய கான்கிரீட் கிடங்காகவே கட்டிவிடுவது. அப்படிக் கட்டினால் கிடங்குக்கும் கிடங்குக்கும் இடையே விட வேண்டிய தொலைவு பல மடங்கு சுருங்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் லேக் டென்மார்க் கடற்படைக் கிடங்கில் 1926ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று மின்னல் தாக்கிப் பெருவிபத்து நடந்த பிறகுதான், 1928இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வெடிபொருள் பாதுகாப்புக்கென்று தனி வாரியம் அமைத்தது. மண் மூடிய கிடங்குகள் அங்கே பரவலானதும் அதன் பின்னரே. ஆகக் கட்டுமானத்துக்குச் செலவிட்டால் அதே வேலிக்குள் கூடுதல் குண்டு வைக்க முடிகிறது. பாதுகாப்புச் செலவு இருப்பைக் குறைக்கிறது என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

இவ்வளவு சொன்னாலும், பாதுகாப்பும் தயார்நிலையும் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. மோதுகின்றன, அதுவும் மிகக் கடுமையாக மோதுகின்றன. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில், 2013 மார்ச் நிலவரப்படி ஆய்வு செய்த 170 வகை வெடிபொருள்களில் 125 வகையின் இருப்பு, குறைந்தபட்ச அளவான 20 நாள் கடும்போருக்குக்கூடப் போதாது என்றும், 85 வகை 10 நாளுக்கும் குறைவு என்றும் சொல்லப்பட்டிருந்தது. 2017 அறிக்கையில் 152 வகைகளில் 61 வகை இன்னமும் 10 நாள் அளவுக்குக் கீழேயே கிடந்தது. இந்த நிலையில் ஒரு கிடங்கு அதிகாரி, குறைபாடுள்ள ஒரு தொகுதியை இருப்பில் இருந்து நீக்கச் சொல்லி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதியது சரி. மேலே இருப்பவருக்கு அது, நாடாளுமன்றத்தில் ஏற்கெனவே தலைகுனிய வைத்த ஓர் எண்ணை இன்னும் கீழே இறக்கும் கடிதம். மாற்றுச் சரக்கு ஆலையில் இருந்து வரும்வரை பழையது கிடக்கட்டும் என்று அவர் முடிவெடுப்பார். கோப்பு மேசை மேசையாக நகரும். யாரையும் கெட்டவர் என்று இதில் சொல்ல முடியாது.

புல்காவில் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மே 30 நள்ளிரவைத் தாண்டி, அதாவது 31ஆம் தேதி அதிகாலையில், அங்கே ஒரு ஷெட்டில் தீப்பற்றி வெடித்தது. டாங்க் எதிர்ப்புக் கண்ணிவெடிகளில் இருந்து டி.என்.டி. என்ற வெடிமருந்து கசிந்ததே காரணம் என்று விசாரணையை ஒட்டிய செய்திகள் தெரிவித்தன. தூய டி.என்.டி. பிடிவாதமாக அமைதியான பொருள். சுத்தியால் அடித்தால்கூட எளிதில் வெடிக்காது. தயாரிப்பில் கலப்படம் தங்கிவிட்டாலோ, உறை சரியாக மூடப்படாமல் போனாலோ, வெயில் காலத்தில் பழுப்பு நிறத்தில் எண்ணெய் போல ஒரு திரவம் இணைப்புகளின் வழியே ஊறி வெளியே வரும். தூசியும் துருவும் படிந்த அந்தக் கசிவு உள்ளே இருக்கும் மருந்தைவிட எளிதில் பற்றிக்கொள்ளக்கூடியது. புல்காவ் இருக்கும் விதர்ப்பப் பகுதியின் மே மாத வெயில் எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கம் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். கசியும் கண்ணிவெடியை நீக்குவதற்கு முதலில் ஆகும் செலவு ஒரு சோதனை அறிக்கையும், அதை நம்பி இருப்புக் கணக்கைத் திருத்த ஒருவர் போடும் கையெழுத்தும்தான்.

அன்று இறந்தவர்கள் 19 பேர். அவர்களில் அதிகாரிகள் இருவர். மற்றவர்களில் பெரும்பாலோர் தீயணைப்புப் பணியாளர்கள். வெடிக்கும் என்று தெரிந்த ஷெட்டை நோக்கிக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். வெடிபொருள் கிடங்குகள் போதிய தீயணைப்புக் கருவிகள் இல்லாமல் தீ அபாயத்தோடு இயங்குகின்றன என்று 2015 அறிக்கையே சுட்டிக்காட்டியிருந்தது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். அந்த 2016 விபத்துக்கு இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 20 அன்று, அதே புல்காவில், பழைய வெடிபொருளை அழிக்கும் திடலில் பெட்டிகளை இறக்கும்போது வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். கூலிக்கு வந்த உள்ளூர்க் கிராமத்து ஆட்களும் அவர்களில் உண்டு. பழைய சரக்கை வைத்திருப்பதும் ஆபத்து, அழிப்பதும் ஆபத்து. இரண்டிலும் முதலில் பலியாகிறவர்கள் கடைசிச் சம்பளக்காரர்கள்.

கையில் இருக்கிறது என்பதற்காகப் பழையதை வைத்துப் போரிட்டவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு அமெரிக்கக் கடற்படையின் ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பல் ஓர் எடுத்துக்காட்டு. வியட்நாம் மீது குண்டுவீச்சு வேகம் கூடியதால் புதிய குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்து, கொரியப் போர்க் காலத்துப் பழைய ஆயிரம் பவுண்டு குண்டுகளைக் கப்பலில் ஏற்றினார்கள். விமானங்களை விரைவாக மேலே அனுப்புவதற்காக, ராக்கெட்டின் மின் இணைப்பைப் புறப்படும் கடைசி நொடியில்தான் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் தளர்த்தியிருந்தார்கள். 1967 ஜூலை 29 அன்று மேல்தளத்தில் நின்ற ஒரு விமானத்தின் ராக்கெட் தானாகப் பாய்ந்து, எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியை உடைத்தது. புதிய குண்டுகள் தீயில் சில நிமிடங்கள் தாங்கும். பழையவை ஒன்றரை நிமிடத்தில் வெடித்தன, முதலில் ஓடிவந்த தீயணைப்புக் குழு அதிலேயே போய்விட்டது. 134 பேர் மாண்டார்கள். போர்ப் பணியில் ஒரு வாரம்கூட நிற்காத அந்தக் கப்பல் அதற்குப் பிறகு வியட்நாம் கடலுக்குத் திரும்பவே இல்லை. தயார்நிலைக்காகச் செய்த இரண்டு சலுகைகளும் சேர்ந்து அந்தப் போருக்கு ஒரு முழுக் கப்பலை இல்லாமல் ஆக்கின.

இன்னொன்று குவைத்தில் நடந்தது. வளைகுடாப் போர் முடிந்த பிறகு, சதாம் மீண்டும் வருவாரோ என்ற எண்ணத்தில், டோஹா முகாமில் ஓர் அமெரிக்கக் கவசப் படைப்பிரிவு வண்டிகளில் குண்டை ஏற்றியபடியே நெருக்கி நிறுத்தி வைத்திருந்தது. உத்தரவு வந்தால் உடனே கிளம்ப அதுதான் வசதி. 1991 ஜூலை 11 அன்று, குண்டு சுமக்கும் வாகனம் ஒன்றின் வெப்பமூட்டிக் கருவியில் பற்றிய தீ வரிசையாகத் தாவி, நான்கு ஏப்ராம்ஸ் டாங்குகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளை அழித்தது அல்லது சேதப்படுத்தியது. எதிரி ஒரு தோட்டாக்கூடச் சுடவில்லை. சிதறிய குண்டுகளைப் பொறுக்கும் பணியில் சில நாள் கழித்து மூவர் இறந்தார்கள். எல்லையில் நிற்கும் படைக்குக் கிடங்கு விதியை அப்படியே சுமத்த முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டிகளுக்கு இடையே இடைவெளி விட்டு, நடுவே மண் மூட்டை அடுக்குவதற்கு என்ன பட்ஜெட் தேவைப்படுகிறது?

கட்டுரையாளர் உக்ரைன் போரைச் சுட்டியிருந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். பீரங்கிப் போரில் குண்டு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை உலகுக்குக் காட்டியது அந்தப் போர், அதில் ஐயமில்லை. அதே நாடு, போர் முழுவீச்சில் தொடங்குவதற்கு முன்பே தன் கிடங்குகளில் என்ன இழந்தது என்பதை ஏனோ அவர் சொல்லவில்லை. பலாக்லியா, காலினிவ்கா முதலிய இடங்களில் 2014க்கும் 2018க்கும் இடையே நடந்த கிடங்கு வெடிப்புகளில் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட வெடிபொருள் அழிந்தது என்றும், நாட்டின் கிழக்கே தொன்பாஸ் பகுதியில் நடந்த சண்டையில் ஐந்து ஆண்டுகளில் உக்ரைன் படை செலவிட்டது ஏறத்தாழ 70 ஆயிரம் டன்தான் என்றும் லண்டனின் ராயல் யுனைடெட் சர்வீசஸ் இன்ஸ்டிட்யூட் 2022இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவற்றில் சில நாசவேலை என்று அந்நாட்டு அரசு சொல்லி வந்தது. நாசவேலையோ, பீடித் துண்டோ, இன்றைய ட்ரோனோ, பொறி எங்கிருந்து வந்தாலும் ஒரு ஷெட்டோடு நிறுத்துவது இடைவெளியும் மண் அரணும்தான். ஆகவே இடைவெளி விதியை விபத்துத் தடுப்பு என்ற தலைப்பில் மட்டும் வைத்துப் பார்ப்பது தவறு. எதிரியின் தாக்குதலைத் தாங்கும் ஏற்பாடும் அதுவே.

வேலிக்கு வெளியே இருப்பவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். கிடங்கைச் சுற்றிக் கட்டடம் எழும்பாமல் தடுக்க 1903ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குருகிராமில் விமானப்படைக் கிடங்கைச் சுற்றி 900 மீட்டர் தடைப் பகுதி அறிவித்தும், அதற்குள் ஆயிரக்கணக்கில் வீடுகள் முளைத்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மனை விற்றவர் போய்விட்டார்; வாங்கியவருக்கு மின் இணைப்பும் சாலையும் வேண்டும்; வாக்குக் கேட்டு வருபவர் கிடங்கை இடம் மாற்றுவோம் என்கிறார். குடியிருப்பு நெருங்கிவிட்டால் ஷெட்டில் வைக்கக்கூடிய எடையை விதிப்படி குறைத்தாக வேண்டும். வெளியே ஏறும் ஒவ்வொரு மாடியும் உள்ளே இருப்பைக் குறைக்கிறது என்பது நம் ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீலகிரியில் மலை ரயில் நின்று போகும் அருவங்காட்டில் நூறாண்டுக்கும் மேலாக உந்துமருந்து ஆலை இயங்கி வருகிறது. அதைச் சுற்றிய சரிவுகளில் வீட்டுமனை விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு குருகிராம் நினைவுக்கு வருகிறது.

ஆலைகளின் நிலைமை கிடங்குகளைவிடச் சிக்கலானது. 2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, லாப நட்டக் கணக்கு காட்ட வேண்டியவையாகிவிட்டன. ஏற்றுமதி ஆர்டரும் குவிகிறது. இது வரவேற்க வேண்டியதுதான். ஆனால் மகாராஷ்டிரத்தின் பண்டாரா ஆலையில் 2025 ஜனவரி 24 அன்று நடந்த வெடிப்பில் எட்டுத் தொழிலாளர்கள் இறந்தது போன்ற செய்திகள் வரும்போது, உற்பத்தி இலக்கை உயர்த்தியவர்கள் ஒரு கட்டடத்துக்குள் இத்தனை ஆள், இத்தனை கிலோ என்ற வரம்பையும் அதே கூட்டத்தில் திரும்பப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த வரம்பு ஒவ்வொரு வெடிமருந்துக் கட்டடத்தின் வாசலிலும் பலகையில் எழுதித் தொங்குவது. படித்துவிட்டுக் கடந்து போவதற்காக அதை யாரும் எழுதுவதில்லை.

என் கோரிக்கைகள் சில. விதியைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும் என்ற சூழ்நிலை படைக்கு வரும். அப்போது தளர்த்துவதற்கான காரணமும், எந்தத் தேதியில் அந்தச் சலுகை காலாவதியாகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கிடங்கின் சுபேதார் தலையில் அதைக் கட்டாமல், அந்தக் குண்டைக் கேட்கும் படைத் தளபதியே கையெழுத்திட வேண்டும். ஆபத்தைச் சுமப்பவர் ஒருவர், பயனை அனுபவிப்பவர் வேறொருவர் என்று இருக்கும்வரை சலுகைகள் ஒருபோதும் காலாவதியாவதில்லை என்பது என் அனுபவம். அடுத்தது, கிடங்குப் பராமரிப்புக்கான தொகையைச் சம்பளம், படி, எரிபொருள் ஆகியவற்றோடு ஒரே மூட்டையில் கட்டாமல் தனித் தலைப்பில் வைத்து, ஆண்டு நடுவில் வேறு செலவுக்குத் திருப்ப முடியாதபடி செய்ய வேண்டும். காலாவதியானதையும் கசிவதையும் இருப்புக் கணக்கில் இருந்து உடனுக்குடன் நீக்கிவிட்டு, மிச்சம் எத்தனை நாளுக்கு வரும் என்ற உண்மையான எண்ணைத்தான் அமைச்சரிடம் சொல்ல வேண்டும். அந்த எண் சிறியதாக இருந்தால் புதிதாக வாங்குவதற்கு அதுவே வலுவான வாதம். வெடிக்கக் காத்திருக்கும் பழைய பெட்டிகளால் ஊதிய எண்ணை வைத்து நிதி அமைச்சகத்திடம் கூடுதல் பணம் கேட்க முடியாது.

இந்த விவாதத்தைத் தொடங்கி வைத்த தங்களிடமும் ஒரு வேண்டுகோள். எத்தனை வகை வெடிபொருள் எத்தனை நாள் போருக்குப் போதும் என்ற பட்டியலை ஒவ்வொரு முறை வெளியிடும்போதும், கிடங்குகளில் தீயணைப்புப் பணியிடங்கள் எத்தனை காலியாக இருக்கின்றன, அழிக்க வேண்டிய சரக்கு எத்தனை டன் தேங்கிக் கிடக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேட்டு, வரும் பதிலைப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெடிபொருள் கிடங்குப் பணியாளர்,
குன்னூர்.